இடுப்பு உயரத்திலிருந்து படம் எடுப்பது: சின்ன பிலிம் கேமராக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பு உயரத்தில் வைத்து நான் எடுத்த முதல் ரோலில் 36 படங்கள். அவற்றில் முழுத் தலையோடு மனிதர்கள் இருந்தவை ஐந்து. மீதியில் பெல்ட் பக்கிள், கைப்பை, ஏகப்பட்ட வானம், ஒரு நாயின் வால். ஸ்கேன் செய்து கொடுத்த லேப்காரர், "கேமரா பையில இருக்கும்போதே பட்டன் அமுங்கிடுச்சா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கண்ணை வைத்துப் பார்க்காததுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். இன்னும் நான்கைந்து ரோல் வீணானபிறகுதான் விஷயம் பிடிபட்டது. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது நாம் மூன்று முடிவுகளை எடுக்கிறோம்: ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், வெளிச்சம் எவ்வளவு, ஃப்ரேமுக்குள் எது வரும். இடுப்பில் வைத்து எடுப்பவரும் இதே மூன்றையும் முடிவு செய்தாக வேண்டும். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சின்ன பிலிம் கேமராவில் திட்டமிடாமல் படம் எடுப்பதைக் கொண்டாடும் லோமோகிராஃபி இயக்கத்தின் பத்து விதிகளில் இடுப்பிலிருந்து சுடுவதும் ஒன்று. கூடவே யோசிக்காதே என்றும் ஒரு விதி உண்டு. முதலாவதை ஏற்கிறேன். இரண்டாவதை நம்பினால் நாய் வால்தான் மிஞ்சும்.

ஏன் இடுப்பு?

இது குறுக்குவழியாகப் பிறந்த பழக்கம் இல்லை. பழைய பெட்டிக் கேமராக்களை வயிற்றோடு அணைத்து, மேலே இருக்கும் குட்டிக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துத்தான் எடுத்தார்கள். 1929-ல் வந்த ரோலைஃப்ளெக்ஸிலும் அப்படித்தான். குனிந்து பார்த்தால் காட்சி நேராகத் தெரியும், ஆனால் இடம் வலமாக மாறியிருக்கும். 35 மி.மீ. பிலிம் கேமராக்கள் பரவியபோதுதான் கேமரா கண்ணுக்கு ஏறியது.

கண் உயரத்திலும் இடுப்பு உயரத்திலும் எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் தொடுவானம் எல்லாரையும் வெட்டிப்போகும். கண் உயரத்தில் எடுத்தால், கூட்டத்தில் இருக்கும் எல்லாருடைய கண்களும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும். முகங்களுக்குப் பின்னால் இன்னும் பல முகங்கள். இடுப்பு உயரத்தில் எடுத்தால் அந்தக் கோடு இடுப்புகளின் வழியாகப் போகும். தலைகள் கோட்டுக்கு மேலே எழும்பி, வானத்தின் முன்போ சுவரின் முன்போ தனியாக நிற்கும். குழந்தைகள் குனிந்து பார்க்கப்படும் சின்ன உருவங்களாக இல்லாமல், நம்மோடு சரிசமமாக நிற்கும் ஆட்களாக வருவார்கள். கைகள் பெரிதாகும். இதற்காகத்தான் நான் இடுப்பிலிருந்து எடுக்கிறேன். மறைந்து எடுப்பதற்காக இல்லை.

மறைந்து எடுத்தவர்களும் உண்டு. 1938 முதல் 1941 வரை அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் நியூயார்க் சுரங்க ரயில்களில் எதிரே உட்கார்ந்திருந்த பயணிகளைப் படம் எடுத்தார். காண்டாக்ஸ் கேமராவின் பளபளப்பான பகுதிகளுக்குக் கறுப்பு பூசி, அதைக் கோட்டுக்குள் வைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸை நீட்டி, கோட்டின் கைக்குள் ஓடிய கேபிளால் ஷட்டரை அழுத்தினார். அவர் உட்கார்ந்த இடத்தைக் கவனியுங்கள். எதிர் இருக்கை எப்போதும் அதே தூரத்தில்தான் இருக்கும், பெட்டிக்குள் வெளிச்சமும் பெரிதாக மாறாது. மூன்று முடிவுகளில் இரண்டை ரயிலே எடுத்துக் கொடுத்துவிட்டது.

கேமரா: எதில் எளிது, எதில் கஷ்டம்

தூரத்தை நாமே வைக்கக்கூடிய கேமரா இதற்கு மிகவும் வசதி. ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2-வில் முன்னால் ஒரு சின்ன நெம்பு, மூன்று நிலைகள். மூடியைச் சாத்தினால் அது தானாக நடு நிலைக்கு வந்துவிடும். தெருவில் எடுப்பவர்களுக்கு இது வரம். லோமோ எல்சி-ஏ-வில் 0.8, 1.5, 3 மீட்டர், முடிவிலி என்று நான்கு நிலைகள். ஒலிம்பஸ் ட்ரிப் 35-ல் இன்னொரு நல்ல குணம் இருக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் ஷட்டரே அமுங்காது. வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்புவதைப் பார்க்காவிட்டாலும், விரல் முட்டி நிற்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1966-ல் வந்த ரோலை 35-ஐ இடுப்பில் வைப்பதற்காகவே செய்தார்களோ என்று தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளே கேமராவின் தலையில் இருக்கிறது. குனிந்து பார்த்து முள்ளைச் சரிசெய்துவிட்டு அப்படியே அழுத்தலாம். நிக்கான் 35டிஐ-யின் தலையிலும் கைக்கடிகாரம் போல முட்கள் இருக்கின்றன. தூரம், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எல்லாம் மேலிருந்தே தெரியும். ரிக்கோ ஜிஆர்1 ஆட்டோஃபோகஸ் கேமராதான், ஆனால் அதில் 'ஸ்னாப்' என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் ஃபோகஸ் 2 மீட்டரில் நின்றுவிடும்.

இடுப்பில் பார்ப்பதற்கென்றே ஒரு ஜன்னலோடு வந்தவை யாஷிகா டி3-யும் டி4 சூப்பரும். தலையில் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும், மேலிருந்து பார்த்தால் காட்சி தெரியும். இடையில் வந்த சாதாரண டி4-ல் இந்த ஜன்னல் கிடையாது. வாங்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். பெயரில் 'சூப்பர்' இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவில் இதே டி4 சூப்பர் டி5 என்ற பெயரில் விற்றது. இந்தப் பெயர்களைப் பார்த்து யாரும் புதிதாகக் கடன் வாங்க வேண்டாம். அலமாரியில் தூங்கும் எந்தச் சின்ன கேமராவும் போதும். அதில் தூரத்தை வைக்க முடியுமா, ஃப்ளாஷை அணைக்க முடியுமா, இந்த இரண்டும்தான் கேள்வி.

முதல் முடிவு: தூரம்

35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 2.5 மீட்டர். எஃப் எண் என்பது அப்பர்ச்சரின் அளவு. எண் ஏறினால் துளை சிறுக்கும். இந்த அமைப்பில் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 4.9 மீட்டர் வரை எல்லாம் கூர்மையாக வரும். இதே 2.5 மீட்டரில் எஃப் 11 வைத்தால் 1.5-லிருந்து 7.7 வரை. எஃப் 16 என்றால் 1.3 மீட்டரிலிருந்து ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. மாறாக எஃப் 2.8-க்கு அப்பர்ச்சர் திறந்துகொண்டால் 2.1-லிருந்து 3 மீட்டர் வரைதான். ஒரு மீட்டர்கூட இல்லாத அந்தப் பட்டைக்குள் ஆளை நிறுத்துவது அதிர்ஷ்டத்தின் வேலை. அதனால்தான் இந்த வேலைக்கு வெளிச்சமும், குறைந்த வெளிச்சத்திலும் பதியும் வேகமான பிலிமும் தேவைப்படுகின்றன.

தெருவில் மீட்டரில் நினைக்க முடியாது. காலடி எட்டில் நினையுங்கள். சாதாரணமாக நடக்கும்போது என் ஓர் எட்டு 75 சென்டிமீட்டர். பத்து எட்டு நடந்து டேப் வைத்து அளந்தால் உங்களுடையது தெரிந்துவிடும். என் கணக்கில் எஃப் 8, 2.5 மீட்டர் என்றால் இரண்டரை எட்டிலிருந்து ஆறு எட்டு வரை. எதிரே வருபவர் இந்த வேலிக்குள் நுழைந்ததும் அழுத்தலாம் என்று மனசுக்குள் கோடு போட்டுக்கொள்வேன். தூரத்தைக் கேமராவில் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன், என் கால்களால் மாற்றுவேன்.

பழகுவதற்கு ஒரு வழி: பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் முன்னால் இருக்கும் ஒரு கம்பத்தைப் பார்த்து எத்தனை எட்டு என்று ஊகித்துவிட்டு, நடந்து சரிபாருங்கள். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். நம்ப மாட்டீர்கள், ஆனால் பழகிவிடும்.

இரண்டாம் முடிவு: வெளிச்சம்

ஐஎஸ்ஓ 400 பிலிம் போடுங்கள். ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகத்தைச் சொல்லும் எண். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 1/500 வினாடி. மேகம் மூடிய நாளில் எஃப் 8, 1/500. திறந்த வெளியில் கட்டடத்தின் நிழலில் எஃப் 8, 1/125. இந்த மூன்றை மனப்பாடம் செய்துவிட்டால் கையால் வைக்கும் கேமராக்களில் பகல் முழுக்க ஓட்டிவிடலாம். தானாக எல்லாம் செய்யும் கேமரா என்றாலும் இந்த எண்கள் உதவும். அது எங்கே அப்பர்ச்சரைத் திறந்துகொள்ளும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. குறுக்கே நடப்பவர் வினாடிக்கு 1.4 மீட்டர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2.5 மீட்டர் தள்ளி நின்று 1/125-ல் எடுத்தால் பிலிமில் அவர் 0.16 மி.மீ. நகர்ந்திருப்பார். கூர்மை என்று கண் ஒப்புக்கொள்ளும் அளவு 0.03 மி.மீ. தான், ஆகவே படம் கலங்கிவிடும். 1/500-ல் 0.04. பரவாயில்லை. ஆனால் நம்மை நோக்கி நேராக வருபவருக்கு 1/125 போதும், ஏனென்றால் பிலிமின் குறுக்கே அவர் அதிகம் நகர்வதில்லை. நிழலான இடத்தில் குறுக்கே போகிறவர்களை விட்டுவிட்டு, எதிரே வருகிறவர்களை எடுங்கள். அல்லது கறுப்பு வெள்ளை 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, லேப்பில் இரண்டு ஸ்டாப் புஷ் செய்யச் சொல்லுங்கள், அதாவது கூடுதல் நேரம் கழுவச் சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம். நிழலிலும் எஃப் 8, 1/500 கிடைக்கும். துகள் தெரியும். எனக்குப் பிடிக்கும்.

இடுப்பில் வைக்கும்போது மட்டும் வரும் ஒரு தொல்லை உண்டு. கேமரா கொஞ்சம் மேலே நோக்குவதால் மீட்டருக்குள் வானம் நிறையப் போகும். அது ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் கருத்துவிடும். ஐஎஸ்ஓ டயல் உள்ள கேமராவில் 400 பிலிமைப் போட்டுவிட்டு டயலை 200-ல் வைத்துவிடுங்கள். நெகட்டிவ் பிலிம் அந்த ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும். ஸ்லைடு பிலிமில் இந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்றாம் முடிவு: ஃப்ரேம்

தலைகள் பறிபோவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

35 மி.மீ. லென்ஸுக்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம். 2 மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் 2 மீட்டர் அகலம் படத்தில் விழும். 4 மீட்டர் தள்ளி இருந்தால் 4 மீட்டர். உயரம் அதில் மூன்றில் இரண்டு பங்கு. 2 மீட்டரில் சுமார் 1.37 மீட்டர்.

இப்போது கேமராவைத் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில், கிடைமட்டமாக, நேராகப் பிடியுங்கள். 2 மீட்டர் தள்ளி நிற்பவரில் படத்தில் வருவது தரைக்கு 31 சென்டிமீட்டர் மேலிருந்து 1.69 மீட்டர் வரை. அவர் 1.75 உயரம் என்றால் உச்சந்தலை போச்சு. அரை மீட்டர் பின்னால் போனால் 14 சென்டிமீட்டரிலிருந்து 1.86 வரை வரும். தலை தப்பிவிடும், கால் பாதம் மட்டும் கொஞ்சம் வெட்டுப்படும். என் முதல் ரோலின் துயரம் இந்த அரை மீட்டரில்தான் இருந்தது.

இதைச் சமாளிக்க நான்கு வழிகள்.

ஒன்று, இன்னும் அரை மீட்டர் தள்ளி நிற்பது. சுலபம்.

இரண்டாவது, கேமராவை 5 டிகிரி மேலே சாய்ப்பது. 2 மீட்டரில் ஃப்ரேம் 17 சென்டிமீட்டர் மேலே ஏறும். 5 டிகிரி என்றால் கையில் எவ்வளவு தெரியுமா? 3 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கேமராவின் முன்விளிம்பு 3 மி.மீ. கூட உயராது. ஒரு பென்சிலின் பாதி. இதற்கு மேல் சாய்த்தால் பின்னாலிருக்கும் கட்டடங்கள் மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். எல்லாரும் அதிகமாகத்தான் சாய்க்கிறார்கள். தலை போய்விடுமோ என்ற பயம் கையைத் தூக்கிவிடுகிறது.

மூன்றாவது, கேமராவைச் செங்குத்தாகத் திருப்புவது. 2 மீட்டரில் உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 1 மீட்டர் உயரத்தில் நேராகப் பிடித்தால் செருப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை எல்லாம் வந்துவிடும். தனி ஆளை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி.

நான்காவது, கேமராவை இடுப்பிலிருந்து நெஞ்சுக்குக் கீழே வரை ஏற்றுவது. 1.25 மீட்டர் உயரத்தில் நேராகப் பிடித்தால் 2 மீட்டரில் 0.57-லிருந்து 1.94 வரை வரும். முழங்காலுக்குச் சற்று மேலிருந்து தலை வரை. பார்வைக் கோணம் இன்னும் தாழ்வாகத்தான் இருக்கும், பிழைக்கும் இடம் அதிகம். தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு ரோல்களை இந்த உயரத்தில் எடுங்கள் என்பேன்.

28 மி.மீ. லென்ஸ் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை பாதி. 2 மீட்டரில் அதன் உயரமே 1.71 மீட்டர். 38, 40 மி.மீ. வைத்திருப்பவர்கள் ஓர் எட்டு கூடுதலாகப் பின்வாங்க வேண்டும்.

பிடி

கிடைமட்டமாக எடுக்கும்போது இடது உள்ளங்கையைத் தட்டு போல விரித்து அதன்மேல் கேமராவை வையுங்கள். வலது கை வழக்கம்போல. இரண்டு முழங்கைகளும் விலாவை ஒட்டி இருக்கட்டும். கேமராவின் முதுகு வயிற்றைத் தொடட்டும். இங்கே யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம்: தொப்பைக்கு ஒரு சரிவு உண்டு. தொப்புளுக்கு மேலே வயிற்றோடு ஒட்டினால் கேமரா வானத்தைப் பார்க்கும். கீழே ஒட்டினால் தரையைப் பார்க்கும். எனக்கு எங்கே நேராக நிற்கிறது என்று கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். சட்டையின் நான்காவது பொத்தான். வெறும் வயிற்றில் இருக்கும்போது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில்.

செங்குத்தாகப் பிடிக்க, ஷட்டர் இருக்கும் பக்கம் கீழே வரும்படி திருப்புங்கள். வலது கையால் கீழிருந்து டம்ளரை ஏந்துவது போலப் பிடித்தால் கட்டைவிரல் தானாக ஷட்டர் பட்டன் மேல் வந்து உட்காரும். விரல் நுனிகள் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன கேமராவில் லென்ஸ், மீட்டர் கண், ஃபோகஸ் ஜன்னல் எல்லாம் ஒரு விரற்கடைக்குள் நெருக்கிக்கொண்டு இருக்கும்.

மணிக்கட்டுப் பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். ஒரு ரோலில் பதினோரு படங்களில் என் பட்டை கறுப்பு நாடாவாகத் தொங்குகிறது. வ்யூஃபைண்டரில் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் அது லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை. கழுத்துப் பட்டை போடும் வசதி இருந்தால் அதைக் கேமரா உங்கள் பொத்தானுக்கு வரும் நீளத்தில் கட்டிக்கொண்டு, லேசாக முன்னால் தள்ளி இறுக்கமாகப் பிடியுங்கள். கேமரா ஆடாது. உயரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கும்.

அழுத்தும் கணத்தில் நில்லுங்கள். நடந்துகொண்டே அழுத்தாதீர்கள். ஓர் எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவே அரை வினாடி நின்றால் போதும், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

வீட்டில் ஒரு சாயங்காலம், பிலிம் இல்லாமல்

ஒரு சுவரில் 2.06 மீட்டர் அகலம், 1.37 மீட்டர் உயரத்தில் ஒரு செவ்வகத்தை காகித டேப்பால் ஒட்டுங்கள். அதன் நடுப்புள்ளி உங்கள் கேமரா நிற்கும் உயரத்தில் இருக்கட்டும். கேமராவின் தலையில், லென்ஸ் பார்க்கும் திசையிலேயே, ஒளி குறுகலாக விழும் ஒரு சின்ன டார்ச்சை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நின்று விளக்கை அணையுங்கள். டார்ச்சைக் கையால் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கேமராவை வயிற்றுக்குக் கொண்டுவந்து, குறிவைத்ததாகத் தோன்றியதும் கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் திறங்கள்.

முதல் பத்து முறை சிரிப்பு வரும். ஒளி சுவரின் மூலையில், மின்விசிறியில், பக்கத்து அறைக் கதவில் எல்லாம் விழும். அப்புறம் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான பிழை இருக்கும். என்னுடையது எப்போதும் ஒரு சாண் இடப்பக்கம். பிழை நிலையானது என்றால் அதைத் திருத்துவது சுலபம். உடம்பை அந்த அளவுக்கு வலப்பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். ஐம்பது முறை செய்தபின் ஒளி நடுப்புள்ளியிலிருந்து ஒரு கை அகலத்துக்குள் விழும்.

செல்போனை வயிற்றில் வைத்துப் பழகலாமா என்று கேட்பார்கள். பழகலாம். ஆனால் பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 35 மி.மீ.-ஐவிட அகலமாகப் பார்க்கும். அதில் தலை தப்பியது என்பதற்காக பிலிமிலும் தப்பும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஆட்டோஃபோகஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு

தூரத்தைக் கையால் வைக்க முடியாத கேமராக்கள் நடுவில் இருப்பதைத்தான் ஃபோகஸ் செய்யும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவர்களுக்கு நடுவிலிருக்கும் சந்தில் புகுந்து பின்சுவரைப் பிடிக்கும். இடுப்பு உயரத்தில் கேமரா நேராக இருந்தால் நடுப்புள்ளி ஆளின் பெல்ட்டில் விழும், தப்பில்லை. மேலே அதிகமாகச் சாய்த்தால் தோளைத் தாண்டிவிடும். ஆகவே ஆட்டோஃபோகஸில் சாய்க்காதீர்கள், தள்ளி நில்லுங்கள். நடுவில் ஒருவர் இருக்கும் காட்சிகளையே எடுங்கள்.

இன்னொரு வழி, ஆள் வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தையோ சுவரையோ பார்த்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேமராவை இடுப்புக்கு இறக்கி, ஆள் வந்ததும் மீதியை அழுத்துவது. ஃபோகஸோடு பல கேமராக்களில் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும் என்பதால், வெயிலில் இருக்கும் சுவரில் பூட்டிவிட்டு நிழலில் வருபவரை எடுக்காதீர்கள்.

ஃப்ளாஷ். ஒலிம்பஸ் மியூ 2 போன்றவற்றில் ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் ஃப்ளாஷ் தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடும். திறந்ததும் அணைப்பதைக் கையின் பழக்கமாக்கிவிடுங்கள். வயிற்றிலிருந்து வெளிச்சம் பாய்ந்தால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பிறகு நீங்கள் வேறு தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

எதிரே இருப்பவர்

கேமரா கீழே இருப்பதால் முகம் மறைவதில்லை. பேசிக்கொண்டே எடுக்கலாம் என்பது இந்த முறையின் பெரிய லாபம். நண்பர்களை இப்படி எடுத்துப் பாருங்கள். கேமராவைக் கண்ணுக்கு ஏற்றியதும் எல்லாரும் போட்டுக்கொள்ளும் 'போட்டோ முகம்' இங்கே வராது. கேமரா மேஜை மேலோ மடியிலோ இருக்கிறது, எடுக்கிறேன் என்று முன்பே சொல்லியும் விட்டீர்கள். ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள்.

தெரியாதவர்களிடம் நான் கேமராவை ஒளிப்பதில்லை. வயிற்றுக்கு முன்னால் எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். எடுத்தாயா என்று கேட்டால் எடுத்தேன் என்பேன். வேண்டாம் என்றால் அந்தப் படத்தை அச்சிடமாட்டேன் என்று சொல்லி அப்படியே நடப்பேன். படிக்கட்டிலும் எஸ்கலேட்டரிலும் மேலே நிற்பவர்களைக் கீழிருந்து எடுக்கவே கூடாது. அங்கே கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள். பொது இடத்தில் படம் எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், போகும் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் ரோல், அதற்கப்புறம்

முதல் ரோலில் எதையும் மாற்றாதீர்கள். ஒரே கேமரா, ஒரே தூரம், ஒரே உயரம். நான் சொன்னால்: 400 பிலிம், வெயிலும் மேகமும் கலந்த நாள், 2.5 மீட்டர், நெஞ்சுக்குக் கீழே. முதல் 12 கிடைமட்டம், அடுத்த 12 செங்குத்து, கடைசி 12 உங்கள் இஷ்டம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டே குறிப்பு: எத்தனை எட்டு, எதைக் குறிவைத்தேன்.

கழுவி வந்ததும் ஒரே ஒரு நல்ல படத்தைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். 36-ஐயும் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி கான்டாக்ட் ஷீட்டோ, குட்டி ஸ்கேன்களோ எடுத்து வைத்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாத் தலைகளும் மேல்விளிம்பில் இடிக்கிறதா? அரை எட்டு பின்னே. கட்டடங்கள் எல்லாம் மல்லாந்து கிடக்கின்றனவா? பயத்தில் சாய்த்திருக்கிறீர்கள். பின்சுவர் கூர்மையாகவும் ஆள் கலங்கியும் இருக்கிறாரா? அவர் வேலியைத் தாண்டி மிக அருகில் வந்தபின் அழுத்தியிருக்கிறீர்கள். ஆள், சுவர் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. முகங்கள் கருத்து வானம் மட்டும் அழகாக இருந்தால் ஐஎஸ்ஓ டயலைப் பாருங்கள்.

என் தாள்களில் ஏழாவது ரோல் வரை ஒரு பிழை விடாமல் இருந்தது. தொடுவானம் எல்லாப் படத்திலும் வலப்பக்கம் ஏறிப்போனது. பார்த்துப் பார்த்து அலுத்து, ஒருநாள் பிலிம் இல்லாத கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று மெதுவாக அழுத்தினேன். ஆள்காட்டி விரல் பட்டனைக் கீழே தள்ளும்போது கேமராவின் அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்தே இறங்கியது. தாங்க ஒன்றும் இல்லை. இப்போது வலது கட்டைவிரலைக் கேமராவுக்கு அடியில், பட்டனுக்கு நேர் கீழே வைத்துக் கிள்ளுவது போல அழுத்துகிறேன். எட்டாவது ரோலில் தொடுவானம் நேராக இருந்தது. தலைகள் இருபத்தொன்று.